கருணை வேண்டாம், உரிமை வேண்டும்

மென்பொருளை அனுமதிப்பத்திரமின்றிப் பயன்படுத்துவது களவு என்கின்றனர் சட்டத்தின் காவலர். களவுக்கு நாமும் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால், அச்சட்டத்தின் கை எவர் கழுத்தைப் பற்றுகிறது என்று கேட்கும் கடமை நமக்குண்டு.

ருஷ்யாவின் பேர்ம் பிராந்தியத்திலே செப்பிச் என்றொரு கிராமம். அங்குள்ள பாடசாலைக் கணினிகளில் அனுமதிப்பத்திரமற்ற விண்டோஸ் மென்பொருள் இருந்ததென்று, தலைமையாசிரியர் அலெக்ஸாந்தர் பொனோசொவ் மீது குற்றவழக்குத் தொடரப்பட்டது. கணினிகள் வந்தபோதே அது பதிக்கப்பட்டிருந்தது என்றார் அவர். 2007 பெப்ரவரியில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. ஆயினும் மேன்முறையீட்டின் பின், மே மாதத்தில் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டு 5000 ரூபிள் அபராதம் விதிக்கப்பட்டார். 2008 டிசம்பரிலேதான் மேல்நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென்று விடுவித்தது.

இதற்கிடையில், முன்னாள் சோவியத் தலைவர் கோர்பச்சேவ், அவ்வாசிரியர்பால் இரக்கங் காட்டும்படி பில் கேட்ஸுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். வழக்கைத் தொடுத்தது ருஷ்ய அதிகாரிகளே என்று விலகிக்கொண்டது மைக்ரோசொவ்ற். உண்மைதான். நிறுவனத்தின் உடைமையைக் காக்க அரசே தடியேந்தி நிற்கும்போது அது ஏன் கைநீட்ட வேண்டும்?

வல்லரசொன்றை ஆண்டவர், கிராமத்து ஆசிரியருக்காக ஒரு வணிகரிடம் கருணை கேட்டு நின்ற காட்சியே நம் நெஞ்சைச் சுடுகிறது. பாடசாலைகளுக்கு விலையைக் குறைத்தால் துன்பம் தீருமென்போர் உளர். தீராது. இன்று தந்த சலுகையை நாளை மீட்கலாம். சலுகையிற் பழகிய பிள்ளை, வளர்ந்தபின் முழுவிலை கொடுக்கும் வாடிக்கையாளனாவான்.

மாற்று வழி உண்டு. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவர் லீனஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை வெளியிட்டார். இவற்றின் மூலநிரல் எவர்க்கும் திறந்தது. படிக்கலாம், திருத்தலாம், அயலவருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம். அங்கே குற்றமான அதே செயல் இங்கே ஒப்புரவாகிறது. 2008இல் அதே பேர்மிலும், தொம்ஸ்க், தாத்தார்ஸ்தான் பிராந்தியங்களிலும் பாடசாலைகளில் லினக்ஸ் பரீட்சார்த்தமாகப் புகுத்தப்பட்டது. பொனோசொவும் கட்டற்ற மென்பொருளுக்காகப் பாடுபட முன்வந்தார்.

பயிற்சிக்குப் பணம் வேண்டாமா என்று கேட்பர். வேண்டும். அப்பணம் நம் ஆசிரியரை வளர்க்கும். அனுமதிப்பத்திரப் பணமோ பூட்டுக்காரனை வளர்க்கும்.

பூட்டை உடையுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பூட்டில்லாத வீடு ஏற்கனவே கட்டப்பட்டிருக்கிறது. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வோம்.