கும்பகோணம் வக்கீல் முதல் நெட்ஃபிளிக்ஸ் வரை... டெல்டாவுக்கு ஒரு துப்பறிவாளர் தேவை!

கொலை நடக்கும், ஆனால் ரத்தம் தெறிக்காது. விசாரிப்பது போலீஸ் இல்லை, பொழுது நிறைய இருக்கும் பெரியவர்கள். கேக்கும் டீயுமாக உட்கார்ந்து பேசியே குற்றவாளியைப் பிடித்துவிடுவார்கள். 2020-ல் வெளியான ரிச்சர்ட் ஓஸ்மானின் 'தி தேர்ஸ்டே மர்டர் கிளப்' நாவல் கிட்டத்தட்ட இதுதான். இங்கிலாந்தில் ஒரு முதியோர் குடியிருப்பில் வசிக்கும் நான்கு பேர்தான் அதில் துப்பறிவாளர்கள். ஹெலன் மிர்ரன், பியர்ஸ் பிராஸ்னன் நடிப்பில் 2025 ஆகஸ்ட்டில் நெட்ஃபிளிக்ஸ் படமாகவும் வந்துவிட்டது.

இந்த வகைக்கு 'கோஸி மிஸ்டரி' என்று பெயர். போர்வைக்குள் சுருண்டுகொண்டு படிக்கிற மர்மக் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்முலா ரொம்ப எளிது. ஒரு சின்ன ஊர். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். வழக்கத்துக்கு மாறாக ஏதோ ஒன்று நடக்க, அதை ஒருவர் கவனித்துவிடுகிறார். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் செய்ததும் இதைத்தான். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளிடம் இதைச் சொன்னால், "இதுக்கு எதுக்கு இங்கிலாந்து? எங்க தெருத் திண்ணையே போதுமே!" என்பார்.

மூன்று ஊர், மூன்று பேர்

அவர் சொல்வது சரிதான். தமிழ்த் துப்பறியும் கதைக்கு டெல்டா கொடுத்தது கொஞ்சநஞ்சமல்ல. மன்னார்குடி பக்கத்து வடுவூர்க்காரரான துரைசாமி ஐயங்கார், நூறு வருஷத்துக்கு முன்பே 'கும்பகோணம் வக்கீல்' எழுதினார். வக்கீல்தான் வில்லன், துப்பறிபவர் திகம்பர சாமியார். 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் அதைப் படமாக எடுத்தபோது, சாமியாராகப் பல வேடங்கள் போட்டு நடித்தவர் எம்.என்.நம்பியார்.

அடுத்தது திருவிடைமருதூரில் பிறந்த தேவன். ஆனந்த விகடனில் அவர் எழுதிய 'துப்பறியும் சாம்பு'வைத்தான் நம்ம ஊர் கோஸி மிஸ்டரி என்று சொல்ல வேண்டும். அசட்டு பேங்க் குமாஸ்தா ஒருவர், அதிர்ஷ்டத்தாலேயே திருடர்களைப் பிடித்துப் பேர் வாங்குவார். மூன்றாவது, ஊர்ப் பெயரையே முன்னால் வைத்துக்கொண்ட பட்டுக்கோட்டை பிரபாகர். அவருடைய பரத் - சுசீலா ஜோடிக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு.

துப்பறிவாளர் ஏன் ரயில் ஏறினார்?

ஆனால் சாம்பு வசிப்பது சென்னையில். பிற்காலத்து மாத நாவல்களின் ஹீரோக்களும் பெரும்பாலும் பெருநகரத்து ஆட்கள்தான். பத்திரிகைகள் சென்னையில் இருந்தன. கதைக்குத் தேவையான ஹோட்டல் அறை, பெரிய கம்பெனி, முகம் தெரியாத கூட்டம் எல்லாம் அங்கேதான் கிடைத்தது.

இன்னொரு காரணத்தையும் நாம் நேர்மையாகப் பேசியாக வேண்டும். டெல்டா கிராமத்தில் ஒரு கொடுமை நடந்தால், யார் செய்தது என்பது பெரும்பாலும் ஊருக்கே தெரிந்திருக்கும். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் குடிசைக்குள் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலச்சுவான்தார்கள் பின்னர் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். இப்படிப்பட்ட மண்ணில், "கொலைகாரன் யார்?" என்று டீ குடித்துக்கொண்டே விளையாட முடியாது. யார் வாய் திறப்பார்கள் என்பதுதான் இங்கே கேள்வி.

அப்படியானால் டெல்டாவில் சுகமான மர்மக் கதைக்கு வழியே இல்லையா? இருக்கிறது. கொலையை விட்டுவிட்டுத் திருட்டுக்கு வாருங்கள்.

பூட்டிய கோயிலும் ஒரு போட்டோவும்

1976-ல் திருவாரூர் பக்கம் பத்தூரில் மண் தோண்டிய தொழிலாளிக்கு ஒரு நடராஜர் சிலை கிடைத்தது. அது கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தது. அங்கே நடந்த வழக்கில் கோயில் ஜெயித்து, 1991-ல் சிலை திரும்பி வந்தது.

அடுத்த கதை கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானில். அங்கே திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கிவைத்திருந்தது. சிலை எந்தக் கோயிலுடையது என்று நிரூபிக்கக் கைகொடுத்தது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திடம் இருந்த பழைய புகைப்படம். 2014-ல் சிலை இந்தியா திரும்பியது. எந்த நாவலாசிரியரும் பொறாமைப்படுகிற க்ளூ இது!

ஆனால் அந்தக் கோயில் பூட்டிக் கிடந்ததால், திருட்டு நடந்ததே வெகுநாள் வெளியே தெரியவில்லை என்பதுதான் நம்மை யோசிக்கவைக்கிறது. கோஸி மிஸ்டரிக்கு அடிப்படையே, சின்ன விஷயத்தையும் கவனிக்கிற ஒரு ஜோடிக் கண்கள். டெல்டா ஊர்களில் அந்தக் கண்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டன. மிச்சமிருப்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள்.

ஓஸ்மானின் துப்பறிவாளர்களும் பெரியவர்கள்தானே? ரிட்டயர்டு வி.ஏ.ஓ. ஒருவர், சந்நிதித் தெருவில் பூக்கட்டும் அக்கா, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக் கணக்கை மனப்பாடமாகச் சொல்லும் எடைபோடுபவர். இந்த மூன்று பேர் போதும். 17 சதவிகித ஈரப்பதத்தைத் தாண்டிய நெல் எப்படி உள்ளே போனது, வாய்க்கால் மதகை ராத்திரியில் திறந்தது யார், உற்சவரின் ஒட்டியாணம் ஏன் இந்த வருஷம் புதுசாக மின்னுகிறது? ஒவ்வொன்றும் ஒரு நாவல்.

எழுதப்போகிறவர் நீங்களாகக்கூட இருக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது போனைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு, பாட்டி பக்கத்தில் திண்ணையில் உட்காருங்கள். தெருவில் யார், எப்போது, எந்தப் பக்கம் போனார்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். முதல் அத்தியாயம் கிடைத்துவிடும்.