மூர் என்று எங்களுக்குப் பெயர் வைத்தது யார்?

எங்கள் பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் 'இலங்கைச் சோனகர்' என்று இருக்கும். ஆங்கிலத்தில் அதுவே 'ஸ்ரீ லங்கன் மூர்' ஆகிவிடும். "அப்ப நாங்க மொரோக்கோவில இருந்தா வந்தோம், சேர்?" என்று வகுப்பில் கேட்கிறார்கள்.

இல்லை பிள்ளைகளே. மொரோக்கோப் பக்கத்து மக்களை ரோமர்கள் லத்தீனில் 'மவுருஸ்' என்றார்கள். அது போர்த்துக்கேயத்தில் 'மோரு' ஆனது. 711 இல் அங்கிருந்து கடல் கடந்து வந்து தங்கள் நாட்டை ஆண்ட முஸ்லிம்களை அவர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். 1505 இல் இலங்கையில் வந்து இறங்கினால் இங்கேயும் தொழுகிறவர்கள்! பழைய பகையோடு பழைய பெயரையும் ஒட்டிவிட்டார்கள். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதைத் திருத்தவில்லை.

மேசை, கதிரை கூட போர்த்துக்கேயர் தந்த சொற்கள்தான், லத்தீன் வழி வந்தவைதான். அவற்றோடு எங்களுக்குச் சண்டையில்லை. ஆனால் கதிரையில் நாங்கள் இருக்கிறோம், அவ்வளவுதான். 'மூர்' என்றால் 'வேறெங்கோ இருந்து வந்தவன்' என்ற கதையும் கூடவே வருகிறது. 1990 ஒக்டோபரில் சோனகதெருவை விட்டுச் சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்ட எங்களுக்கு அந்தக் கதையின் பாரம் தெரியும்.

சோனகர் என்பதும் யவனர் என்ற சொல்லின் திரிபு என்பார்கள். வெளியாளைக் குறித்த சொல்தான், மறைக்கவில்லை. ஆனால் போர்த்துக்கேயர் வர முன்னமே தமிழ் எங்களுக்குத் தந்த பெயர் அது. ஊரில் தெருவுக்கே வைத்த பெயர்.

இப்போது எங்கள் இளசுகள் சிலர் தமிழிலும் 'மூர்' என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஆங்கிலப் படிவத்தில் அது இருந்துவிட்டுப் போகட்டும். தமிழில் சோனகர் என்றே எழுதுங்கள்.