படத்தில் தெரியாத உரிமை

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நிக்கோபார் தீவுகளைச் சிதைத்தபோது, படகுத்துறைகளும் பாதைகளும் தகர்ந்தன. பல தீவுகளுக்குள் காலடி வைக்கவே வழியில்லை. அழிவின் பரப்பை அளக்கச் செயற்கைக்கோள் படங்களே கைகொடுத்தன. பசுமையான இலை அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். நீர் அதனை உறிஞ்சிவிடும். பேரலைக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் ஒப்பிட்டால், எங்கே காடு கடலாயிற்று என்பது இந்த வேறுபாட்டினால் புலப்படும்.

அவ்வாறு புலப்பட்டவை பல. டிரிங்கட் தீவு துண்டுபட்டிருந்தது. வட அந்தமானில் நிலம் உயர்ந்ததால் பவளத்திட்டுகள் நீருக்கு மேலே வந்து மடிந்தன. தெற்கே நிலம் தாழ்ந்ததால் அலையாத்திக் காடுகள் கடலில் மூழ்கி அழிந்தன. கிரேட் நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. அங்கிருந்த கலங்கரை விளக்கம் கடல்நீரில் நின்றது.

அதன் அருகிலுள்ள கலாத்தியா வளைகுடாவின் மணற்கரையும் அன்று அழிந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல மணல் மீண்டும் சேர்ந்தது. உலகின் மிகப் பெரிய கடலாமைகளான தோல்முதுகு ஆமைகள் முட்டையிடத் திரும்பி வந்தன. இயற்கை தன் காயத்தை ஆற்றிக்கொண்ட அந்த இடத்தையே சரக்குப் பெட்டகத் துறைமுகத்திற்காக ஒன்றிய அரசு தேர்ந்தெடுத்துள்ளது. 2021 ஜனவரியில் வளைகுடாவின் சரணாலயத் தகுதி நீக்கப்பட்டது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரியம் ஆகியவற்றிற்காக 130 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காடு கைமாறுகிறது. இதற்கு ஈடாக ஹரியானாவில் மரம் வளர்ப்பார்களாம்!

நாட்டின் பாதுகாப்பு என்கிறார்கள். பாதுகாப்பிற்கு நகரியமும் சுற்றுலாவும் எதற்கு? நில அதிர்வு அபாயம் மிக உயர்ந்த மண்டலத்தில், தாழ்ந்த கரையில் லட்சக்கணக்கானோரைக் குடியேற்றுவது யாருக்குப் பாதுகாப்பு?

செயற்கைக்கோள் படத்திற்கும் ஓர் எல்லை உண்டு. அது பரப்பைக் காட்டும், உரிமையைக் காட்டாது. பேரலையில் ஊர்களை இழந்த நிக்கோபாரி மக்கள் கேம்பல் பே அருகே குடியமர்த்தப்பட்டனர். மூதாதையர் நிலத்திற்குத் திரும்ப வேண்டும் என்று அன்றுமுதல் கேட்டுவருகின்றனர். வானிலிருந்து பார்த்தால் அவர்களது கரை ஆளற்ற வெளி. ஆனால் ஆளற்ற நிலம் உரிமையாளரற்ற நிலமன்று. திட்டத்திற்குத் தந்த இசைவைப் பழங்குடி மன்றம் 2022 நவம்பரில் திரும்பப் பெற்றதன் பொருள் இதுவே. உள்காட்டில் வாழும் ஷோம்பென் மக்களின் இருப்போ இதனினும் நொய்மையானது.

மக்கள் பணத்தில் எடுக்கப்பட்ட படங்களும், அவற்றின் அடிப்படையிலான ஆய்வுகளும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி பழங்குடியினரின் உரிமை முதலில் ஏற்கப்பட வேண்டும். அதுவரை ஒரு மரமும் வெட்டப்படலாகாது. இக்கோரிக்கையைத் தோழர்கள் கிளைதோறும் விவாதித்து, மக்களிடம் எடுத்துச் செல்ல வேண்டும். கடல் ஒருமுறை எச்சரித்துவிட்டது. அதனைக் கேளாத அரசைக் கேட்க வைப்பது மக்கள் இயக்கத்தின் கடமை.