நீக்கினால் நீக்கினதாக இருக்கவேணும்

“அது ஒரு பக்கத்தில கிடந்திட்டுப் போகட்டும், உமக்கு அதால என்ன கரைச்சல்?” லினக்ஸ் டெஸ்க்டொப்பில் தேவையில்லாததுகளை நீக்குவது பற்றி எங்கே கதைத்தாலும் முதலில் வருகிற பதில் இதுதான். இதைச் சொல்லுற ஆக்கள் அனேகமாக லினக்ஸ் தெரிந்த ஆக்கள். சுதந்திர மென்பொருள் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவை. ஆனால் உங்கட கணினியில் உங்களுக்கு வேண்டாத ஒன்றைத் தூக்கப்போறன் எண்டு சொன்னவுடன் “ஏன் கிண்டுறீர்?” எண்டு கேட்பினம்.

ஹார்ட் டிஸ்க் மலிவு, நாலு கேம் கிடந்தால் என்ன என்பது அவர்களின் வாதம். சரி, கேம் சும்மா கிடக்கும். சும்மா கிடக்காததுகளைப் பற்றித்தான் எங்கட கதை. க்னோமில் முன்பு ட்ராக்கர் எனப்பட்ட சேவை பின்னால் ஓடி உங்கள் கோப்புகளை அட்டவணைப்படுத்தும். கேடிஈயில் அந்த வேலையை பலூ செய்யும். 4 ஜிபி ராம் உள்ள, பழைய ஹார்ட் டிஸ்க் போட்ட, பாவிச்ச லப்டொப்பில் அது ஓடத் தொடங்கினால் ஒரு விண்டோ திறக்கவே காத்திருக்க வேணும். அதோடு, நிறுவியிருக்கிற பொதிகளுக்கெல்லாம் அப்டேட் வரும். ஒருநாளும் திறக்காத செயலிக்கும் டேட்டா போகும். போனில் ஹொட்ஸ்பொட் போட்டு இணையம் பாவிக்கிற பெடியன் அந்த டேட்டாவுக்குக் காசு கட்டுறான். செயலியைச் சேர்த்து அனுப்பின ஆள் கட்டுறதில்லை.

இது வெறும் சோம்பலால் வருகிற சுமை எண்டும் நினைக்காதையுங்கோ. 2012 ஒக்டோபரில் உபுண்டு 12.10 வந்தபோது, உங்கள் கணினிக்குள் ஒரு கோப்பைத் தேடினால் அந்தத் தேடல் சொல் உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கலின் சேர்வருக்குப் போய், அமசனின் பொருட்கள் முடிவாக வந்தன. ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை உளவு மென்பொருள் என்றே எழுதினார். 2016இல், 16.04 பதிப்பில்தான் அது இயல்பாக நிறுத்தி வைக்கப்பட்டது. அது வந்த நேரத்தில் பாவனையாளரைக் காப்பாற்றியது என்ன? அமைப்புகளில் அதை நிறுத்தலாம். இல்லாட்டி ‘ஷொப்பிங் லென்ஸ்’ என்ற அந்த ஒரு பொதியை நீக்கலாம். ஒரே ஒரு கட்டளை. தனியாகப் பிரித்து எடுக்கக்கூடியதாக இருந்தபடியால்தான் அது முடிந்தது. பிரிக்கேலாதபடி ஒட்டி வைத்திருந்தால்?

இப்ப அந்த ஒட்டுவேலைதான் நடக்குது. உபுண்டு 22.04இலிருந்து ஃபயர்ஃபொக்ஸ் ஸ்னாப் ஆகத்தான் வருது. ஸ்னாப் வேண்டாம் எண்டு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ‘ஏப்ட்’ மூலம் ஃபயர்ஃபொக்ஸை நிறுவச் சொல்லுங்கோ. உபுண்டுவின் களஞ்சியத்தில் அந்தப் பெயரில் இருக்கிறது ஒரு வெற்றுப் பொதி. அது திரும்ப ஸ்னாப்பையே கொண்டுவரும். முன்வாசலால் அனுப்பினதைப் பின்வாசலால் கூட்டிவருகிற வேலை. லினக்ஸ் மின்ட் 2020இல் தன் 20ஆம் பதிப்பில் ஸ்னாப்பை இயல்பாகத் தடுத்து வைத்தது இதனால்தான். ஸ்னாப் நல்லதா கூடாதா என்பது வேறு விவாதம். ஆனால் நீக்கினால் நீக்கினதாக இருக்கவேணும்.

“நீக்கினா உடையும், பிறகு எங்களிட்டத்தான் வருவினம்” என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை. டெபியனில் ‘எவல்யூஷன் டேட்டா சேர்வர்’ எண்டு ஒன்று உண்டு. எவல்யூஷன் மின்னஞ்சலை ஒருநாளும் திறக்காத ஆள், இது எனக்கு எதுக்கு எண்டு அதை நீக்கப் பார்த்தால் க்னோம் ஷெல்லும் சேர்ந்து போகும். மேலே நாட்காட்டி காட்டுவதற்கு ஷெல் அதில் தங்கியிருக்குது. ‘க்னோம்’ என்ற மெட்டாபொதி இன்னொரு விதம். அதற்குள் செயலி எதுவும் இல்லை, ஒரு பட்டியல் மட்டும்தான். அதன் கட்டாயப் பட்டியலில் ஒன்றை நீக்கினால் மெட்டாபொதியும் போகும். அது போவதால் உடனே ஒன்றும் உடையாது. ஆனால் பிறகு ‘ஓட்டோரிமூவ்’ அடிக்கிறபோது, அமைப்பைப் பொறுத்து, மற்றதுகளும் தேவையற்றவை என்ற பட்டியலில் வந்து நிற்கலாம்.

2021இல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பொப் ஓஎஸ்ஸில் ஸ்டீம் நிறுவப்போய், டெஸ்க்டொப்பே அழிந்துபோனது. எச்சரிக்கை வந்தது, அவர் உறுதிமொழியைத் தட்டச்சு செய்து தாண்டிப் போனார். கனபேர் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். உண்மையில் பிழை பொதியைக் கட்டின இடத்தில் இருந்தது. ஒரு கேம் கடையை நிறுவ டெஸ்க்டொப்பை அழிக்க முன்வருகிற ஒழுங்கைத் திருத்தாமல் பாவனையாளரைப் பழிப்பது சுகமான வேலை. ஏப்ட்டில் ‘சிமுலேட்’ தெரிவைப் போட்டால், ஒன்றையும் தொடாமல் எதெல்லாம் போகும் எண்டு காட்டும். புதிதாக வாறவனுக்கு “தொடாதே” எண்டு சொல்லாமல் இதைச் சொல்லிக் குடுங்கோ.

ஆனால் மற்றப் பக்கத்துக்கும் ஒன்று சொல்லவேணும். எத்தனை பொதி குறைத்தேன் எண்டு ஸ்கிரீன்ஷொட் போட்டுப் போட்டி நடத்துறது சுதந்திரம் இல்லை, அது ஒரு விளையாட்டு. டெபியன் லைவ் பதிப்புகளிலிருந்து நிறுவினவை, தாய் எழுத்துக்கான டெர்மினலும் யப்பானிய உள்ளீட்டு முறையும் மெனுவில் கிடக்கிறதைக் கண்டிருப்பினம். “இந்தக் குப்பை ஏன்?” எண்டு எழுதுறதுக்கு முதல் யோசியுங்கோ. பாங்கொக்கில் இருக்கிறவருக்கு எங்கட தமிழ் எழுத்துருவும் அதே குப்பைதான். ரெங்கநாதன் விசைப்பலகையை லினக்ஸில் தருவது ஐபஸ்ஸும் எம்17என்னும். “ஆர் பாவிக்கிறது?” எண்டு கேட்டு இதுகளை முதலே வெட்டிவிட்டால், தமிழில் எழுத வாற பிள்ளைக்கு முதல்நாளே வாசல் பூட்டு.

அதனால் எங்கட கோரிக்கை ‘எல்லாத்தையும் வெட்டு’ என்பது இல்லை. நிறுவும்போதே எந்த மொழி, எந்தச் செயலி வேணும் எண்டு கேளுங்கோ. பின்னால் ஓடுறதுகளை நிறுத்த ஒரு பொத்தான் வையுங்கோ. பலூவுக்கு கேடிஈ அமைப்புகளில் ஒரு டிக்கை எடுத்தால் போதும், ஆக இது ஏலாத காரியம் இல்லை. ஒன்றை நீக்கினால் வேறு எதெல்லாம் போகும் எண்டு மனிசர் விளங்கும் பாஷையில் சொல்லுங்கோ. நீக்கினதைக் கள்ளமாகத் திரும்பக் கொண்டுவராதையுங்கோ.

மென்பொருளைப் படித்து மாற்றுகிற உரிமை சுதந்திர மென்பொருளின் நாலு சுதந்திரங்களில் ஒன்று. நிரல் எழுதத் தெரியாத ஒருவர் அந்த உரிமையை முதன்முதலில் தொட்டுப் பார்க்கிற இடம், வேண்டாத ஒன்றைத் தன் கையால் நீக்குகிற இடம்தான். அங்கேயே “கிண்டாதை” எண்டு அவரைத் திருப்பி அனுப்பினால், விண்டோஸிலிருந்து அவரை ஏன் கூட்டிவந்தீர்கள்?