நாரும் மணக்கட்டும்!

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலை. நாமக்கல் மாவட்டத்து மலையான இங்கே ஊராட்சிகளின் பெயரே ‘நாடு’ என்றுதான் முடியும். எடப்புளி நாடு அவற்றில் ஒன்று. மிளகு, காபி, பலா, வாழை என்று மலை விளைச்சலுக்குக் குறைவில்லை.

வாழை ஒரு தடவைதான் குலை தள்ளும். தாரை வெட்டியதும் மரத்தையும் சாய்த்துவிட வேண்டியதுதான். பூக்கட்டக் கொஞ்சம் நார், பொரியலுக்குக் கொஞ்சம் தண்டு போக, மற்றதெல்லாம் தோட்டத்திலேயே மட்கிவிடும். ஆனால் அந்த மட்டை நாரைக் கொண்டு சேலையே நெய்கிறார்கள், சென்னையை அடுத்த அனகாபுத்தூர் நெசவாளர்கள்.

அப்படியானால் மலையில் மட்டும் அது ஏன் காசாகவில்லை? மட்டையில் 90 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர். லாரியில் ஏற்றினால் தண்ணீருக்குத்தான் வாடகை கொடுக்க வேண்டும். ஆகவே, நாரை மலையிலேயே பிரிக்க வேண்டும். அதற்குச் சரிவான தோட்டத்துக்குத் தூக்கிப்போகிற மாதிரி சின்ன இயந்திரம் தேவை. பிரித்த நாரும் முரடு. பசை நீக்கி மென்மையாக்காவிட்டால், பருத்திக்காக அமைந்த மில் இயந்திரத்தில் ஓடாது. இரண்டுமே ஆராய்ச்சி தீர்க்க வேண்டிய சிக்கல்கள்.

ஆராய்ச்சிக்குப் பணம் இல்லாமல் இல்லை. மத்திய அரசு 2020 பிப்ரவரியில் தேசிய தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. உடுத்தும் துணியைத் தாண்டி மருத்துவமனை, வயல், சாலை, வாகனம் ஆகியவற்றில் பயன்படும் துணிகளுக்கான திட்டம் இது. மொத்தம் 1,480 கோடி ரூபாய். அதில் 1,000 கோடி ஆராய்ச்சிக்கே. மண்ணில் மட்கும் துணிகளும் இதில் அடங்கும். வாழைநாருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

இப்படிப்பட்ட பணம் வீண்போகாது என்பதற்குக் கோவையே சாட்சி. 1956-இல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான ‘சிட்ரா’வில், அரசு உதவியோடு மருத்துவத் துணிகளுக்கென ஒரு மையம் அமைந்தது. 2020-இல் கொரோனா வந்தபோது, மருத்துவர்களின் பாதுகாப்புக் கவச உடையைச் சோதிக்க நாடு முதலில் நம்பியது இந்தக் கழகத்தைத்தான். என்றோ போட்ட விதை, ஆபத்தில் நிழல் தந்தது.

மலைக்கு இந்த நிழல் எட்டுவதுதான் கடினம். 2023-இல், தொழில்நுட்ப ஜவுளியில் புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு 50 லட்சம் ரூபாய் வரை மானியம் அறிவித்தார்கள். கூடவே 10 சதவீதத்தைச் சொந்தமாகப் போட வேண்டும் என்றார்கள். முழு மானியம் கேட்டால் அது 5 லட்சம். தொழில் வளர்ப்பு மையம் ஒன்றின் துணையும் வேண்டும். நகரத்துப் பட்டதாரிக்கு இது படிக்கட்டு. இரண்டு ஏக்கர் மலைத்தோட்டக்காரருக்கு இதுவே 71-ஆவது வளைவு.

வழி இல்லாமல் போகவில்லை. திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கோவையில் சிட்ரா இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளும் இருக்கின்றன. இவற்றில் ஏதாவது ஒன்று விண்ணப்பத்தைத் தன் பெயரில் போட்டு, சோதனைக் களத்தை மலையில் வைத்தாலே போதும். தோட்டக்காரர் 5 லட்சம் தேட வேண்டாம். வாழை தந்தால் போதும். இயந்திரம் எங்கே திணறுகிறது, நார் எந்த மாதத்தில் நன்றாக வருகிறது என்பதை அவரைவிட யார் சொல்ல முடியும்?

பூவோடு சேர்ந்தால் நாரும் மணக்கும் என்பார்கள். ஆராய்ச்சிப் பணமும் மலையேறிச் சேரட்டும். கொல்லிமலை நாரும் மணக்கும்.