நியூட்ரான் அடிக்கும் எஃகும் கணினிக் கணக்கும்

ஸ்காட்லாந்தின் டூன்ரே அதிவேக அணு உலையில் இருந்த துருப்பிடிக்காத எஃகுக்குள் நுண்ணிய வெற்றிடங்கள் உண்டாகியிருப்பதை 1967இல் காத்தோர்ன், ஃபுல்டன் இருவரும் அறிவித்தார்கள். நியூட்ரான் அடிபட்ட எஃகு உப்பும். உறுதி கூடும், ஆனால் நெகிழ்வு குறையும். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் ஈனுலைக்கும் இதே கவலைதான்.

எஃகின் இந்த மாற்றங்களைக் கணிக்க எந்தக் கணினி முறை சிறந்தது?

மூலக்கூறு இயக்கவியல் என்ற முறை ஒவ்வொரு அணுவையும் பின்தொடர்கிறது. ஆனால் பத்து லட்சம் காலப் படிகள் ஓடினாலும் கிடைப்பது ஏறத்தாழ ஒரு நானோ விநாடி. உலையிலோ எஃகு ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது.

அணுக்களை விட்டுவிட்டு, எஃகு உருமாறும்போது படிக அடுக்கில் நகரும் பிறழ்வுக் கோடுகளை, அதாவது அணு வரிசை பிசகிய இடங்களை, மட்டும் கணக்கிடுவது அடுத்த முறை. முள்காட்டில் முதலில் நடப்பவர் முள்ளை மிதித்து ஒதுக்க, பின்னால் வருபவர்கள் அதே ஒற்றையடிப் பாதையில் போவார்கள் அல்லவா? முதல் கோடுகளும் நியூட்ரான் அடியால் உண்டான நுண்பழுதுகளைத் துடைத்துச் செல்ல, மற்றவை அதே தடத்தில் குவிகின்றன. உருமாற்றம் பெரும்பாலும் அந்த மெல்லிய தடங்களில் அடைபடுவதை இம்முறை அழகாகக் காட்டும். என்றாலும் இதன் எல்லை சில மைக்ரான்கள்தான்.

உலைக் குழாயின் அளவுக்குப் போக, படிகத் துகள்களைக் கணக்கில் எடுக்கும் நெகிழ்வியல் முறை வேண்டும். அதற்கான விதிகளைக் கீழ்மட்டக் கணக்குகளிலிருந்தோ சோதனையிலிருந்தோதான் பெற வேண்டும்.

ஆகவே ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடுவதில் பயனில்லை. மூன்றையும் கோக்கவும், ஈயச் சுவருக்குப் பின்னால் இயந்திரக் கைகளால் கதிரியக்கம் ஏறிய எஃகுத் துண்டை இழுத்துப் பார்க்கும் சோதனைக்கூடங்களுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். அங்கே அளந்த எண்கள் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் கிடைக்க வேண்டும்.