இரண்டாவது ஆல்பம், இரண்டு தடவை

பாடகர்களுக்கு முதல் ஆல்பத்தைவிட இரண்டாவது ஆல்பம்தான் பெரிய கண்டம் என்பார்கள். காரணம் எளிது. முதல் ஆல்பத்துக்கு, பிறந்ததிலிருந்து எழுதிச் சேர்த்த பாட்டெல்லாம் கைவசம் இருக்கும். இரண்டாவதற்கு ஒன்றரை வருடமோ இரண்டு வருடமோதான் கிடைக்கும். அதற்குள் ஊர் ஊராகக் கச்சேரி, பேட்டி, ரேடியோ நிலையங்களுக்கு நடை... முதல் ஆல்பத்தில் வெளுத்துக் கட்டிவிட்டு இரண்டாவதில் காணாமல் போனவர்கள் ஏராளம்.

டெய்லர் ஸ்விஃப்டுக்கு அந்தக் கண்டம் 2008 நவம்பர் 11-ல் வந்தது. ஆல்பத்தின் பெயர் 'ஃபியர்லெஸ்'. அச்சமில்லாதவள் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது அவருக்கு வயது 18. கண்ட்ரி இசையின் தலைநகரமான நாஷ்வில்லில், 2005-ல் தொடங்கப்பட்ட பிக் மெஷின் என்ற புத்தம் புது நிறுவனத்தின் பாடகி.

நேரமும் சரியில்லை. 2008 செப்டம்பரில்தான் லேமன் பிரதர்ஸ் திவாலாகியிருந்தது. அமெரிக்காவில் ஆட்கள் வேலை இழந்துகொண்டிருந்தார்கள். போதாததற்கு, இணையத்தில் பாட்டு இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்து, சிடி விற்பனை வருடா வருடம் சரிந்துகொண்டிருந்தது. அந்தச் சந்தையில் முதல் வாரமே 5 லட்சத்து 92 ஆயிரம் பிரதிகள் போயின. பில்போர்டு 200 பட்டியலில் மொத்தம் 11 வாரம் முதலிடம். 2009-ல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற ஆல்பம் இதுதான், சுமார் 32 லட்சம் பிரதிகள்.

விருதுகளும் வந்தன. 2010 ஜனவரி 31-ல் நடந்த கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற பெரிய பரிசு. போட்டியில் இருந்தவர்கள் சாமானியர்கள் இல்லை: பியான்சே, லேடி காகா, பிளாக் ஐட் பீஸ், டேவ் மேத்யூஸ் பேண்ட். 20 வயதில் அந்தப் பரிசை வாங்கியவர் அதுவரை யாரும் இல்லை. 2020-ல் 18 வயது பில்லி ஐலிஷ் வந்துதான் அந்தச் சாதனை உடைந்தது.

இந்தப் புள்ளிவிவரங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. ரசிகர்கள் இவற்றைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஆனால் அந்த ஆல்பத்தின் உண்மையான மதிப்பு இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. சிடி அட்டையின் உள்பக்கத்தில், யாரும் படிக்காத சின்ன எழுத்தில், ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும் எழுதியவர் பெயர் போட்டிருப்பார்களே, அங்கேதான் இருக்கிறது.

13 பாட்டு, 13 கையெழுத்து

'ஃபியர்லெஸ்' ஆல்பத்தில் 13 பாடல்கள். அத்தனையிலும் எழுதியவர் என்ற இடத்தில் ஸ்விஃப்டின் பெயர் உண்டு. 'லவ் ஸ்டோரி', 'ஃபிஃப்டீன்' உட்பட 7 பாடல்களை அவர் தனியாகவே எழுதினார். 'யூ பிலாங் வித் மீ', 'வைட் ஹார்ஸ்' போன்ற 4 பாடல்களில் லிஸ் ரோஸ் என்ற பாடலாசிரியர் கூட்டு. தயாரிப்பிலும் நேத்தன் சாப்மனுடன் இவர் பெயர் இருக்கிறது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். நாஷ்வில்லில் இது சாதாரணம் இல்லை. அங்கே பாட்டு எழுதுவது தனித் தொழில், பாடுவது தனித் தொழில். மியூசிக் ரோ என்ற பகுதியில் காலை பத்து மணிக்கு அலுவலகம் போகிற மாதிரி போய் உட்கார்ந்து பாட்டு எழுதுகிற ஆட்கள் இருக்கிறார்கள். பாடகருக்கு அதில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பார்கள். பதின்ம வயதுப் பெண் என்றால் சொல்லவே வேண்டாம், கொடுத்ததைப் பாடிவிட்டுப் போக வேண்டியதுதான். ஸ்விஃப்டோ பிக் மெஷினுக்கு முன்பு ஒரு பெரிய நிறுவனம் கொடுத்த வாய்ப்பையே, சொந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்பதற்காக விட்டுவிட்டு வந்தவர். 2004-ல் 14 வயதிலேயே பாடலாசிரியராக ஒப்பந்தமும் போட்டிருந்தார்.

குரல் சுமார்தான் என்று அன்றைக்கே பலர் எழுதினார்கள். அதே கிராமி மேடையில் ஸ்டீவி நிக்ஸுடன் சேர்ந்து பாடியபோது சுருதி விலகியதை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இது கண்ட்ரியே இல்லை, பாஞ்சோ வைத்த பாப் என்றும் சொன்னார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பாட்டு எழுதுகிற கை சுமார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தக் கைதான் பின்னால் அவரைக் காப்பாற்றியது.

ஒரு பாட்டு, இரண்டு சொத்து

பாட்டு வியாபாரத்தில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம், ஒரு பாட்டு உண்மையில் இரண்டு சொத்து என்பது. வரிகளும் மெட்டும் ஒரு சொத்து. அது எழுதியவருடையது. அந்தப் பாட்டை ஸ்டுடியோவில் பாடிப் பதிவு செய்த ஒலி இன்னொரு சொத்து. அதைத்தான் மாஸ்டர் என்கிறார்கள். அது பெரும்பாலும் பணம் போட்ட நிறுவனத்துடையது. கணக்குப் பதிவியல் பாடத்தில் புலனாகாச் சொத்து என்று படிப்பது இதைத்தான். கையால் தொட முடியாது, ஆனால் வருடக்கணக்கில் வருமானம் தரும்.

கண்ட்ரி உலகில் இந்த வித்தியாசத்துக்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டை டாலி பார்ட்டன் எழுதிப் பாடி 1974-ல் வெற்றி பெற்றார். அதைப் பாட எல்விஸ் பிரெஸ்லி விரும்பினார். எல்விஸின் மேலாளர் கர்னல் டாம் பார்க்கர் போட்ட நிபந்தனை, பாட்டின் பதிப்புரிமையில் பாதியைத் தர வேண்டும் என்பது. பார்ட்டன் முடியாது என்று சொல்லிவிட்டார். எல்விஸ் பாடுகிறார் என்றால் பாதி என்ன, முழுசாகவே கொடுத்திருப்பார்கள் அந்தக் காலத்தில். பிறகு 1992-ல் 'தி பாடிகார்ட்' படத்துக்காக விட்னி ஹூஸ்டன் அதே பாட்டைப் பாடி உலகமே முணுமுணுத்தபோது, எழுதியவருக்கான பணம் பிரியாமல் பார்ட்டனுக்கு வந்தது.

ஸ்விஃப்ட் கதையில் நடந்தது இன்னும் ஒரு படி மேலே. 15 வயதில் போட்ட ஒப்பந்தப்படி, முதல் 6 ஆல்பங்களின் மாஸ்டரும் பிக் மெஷினுக்குச் சொந்தம். 2018 நவம்பரில் அவர் வேறு நிறுவனத்துக்கு மாறினார். 2019 ஜூனில் ஸ்கூட்டர் பிரானின் இத்தாக்கா ஹோல்டிங்ஸ் பிக் மெஷினையே வாங்கியது. விலை சுமார் 30 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. ஸ்விஃப்டுக்குப் பிரானோடு ஏற்கெனவே ஆகாது. 2020-ல் அந்த 6 ஆல்பங்களின் மாஸ்டர் ஷாம்ராக் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறியது. பாடியவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய பதின்ம வயது மனை விற்கிற மாதிரி கைமாறிக்கொண்டே போனது.

நியாயமாகப் பேசினால் நிறுவனத்தின் பக்கமும் ஒரு வாதம் உண்டு. 2005-ல் அந்தப் பெண் யார் என்று ஊருக்குத் தெரியாது. பணம் போட்டது நிறுவனம். பத்துப் பேரில் ஒருவர் ஜெயித்தால் அந்த ஒருவரை வைத்துத்தான் மற்ற ஒன்பது பேரின் நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும். அவரும் ஒன்றும் தெரியாத ஏழைக் குடும்பத்துப் பெண் இல்லை. அப்பா பங்குத் தரகர், பிக் மெஷினிலேயே சிறு பங்கு வாங்கி வைத்திருந்தவர். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று, பிறகு அழுது என்ன பயன் என்று கேட்டால் சட்டப்படி பதில் இல்லை.

ஆனால் ரிஸ்க் எடுத்ததற்கு லாபம் வேண்டும் என்பது ஒன்று, அந்த லாபத்துக்கு முடிவே கிடையாது என்பது வேறு. வீட்டுக் கடனுக்குக்கூட இத்தனை வருடத் தவணை என்று ஒரு எல்லை இருக்கிறது. கட்டி முடித்தால் பத்திரம் கைக்கு வந்துவிடும். போட்ட பணம் பல மடங்கு திரும்பிய பிறகும் பத்திரம் திரும்பாத ஏற்பாட்டை எந்தக் கணக்கில் நியாயம் என்று எழுதுவது?

திரும்பவும் முதலிலிருந்து

ஸ்விஃப்ட் வழக்குப் போடவில்லை. ஒப்பந்தத்தில் மறுபதிவுக்கு இருந்த தடைக்காலம் 2020 நவம்பரில் முடிந்ததும், ஸ்டுடியோவுக்குப் போய்ப் பழைய பாட்டை எல்லாம் திரும்பப் பாட ஆரம்பித்தார். முதலில் எடுத்தது முதல் ஆல்பத்தை இல்லை, இரண்டாவதை. 2021 ஏப்ரல் 9-ல் 'ஃபியர்லெஸ் (டெய்லர்ஸ் வெர்ஷன்)' 26 பாடல்களுடன் வந்தது. அன்றைக்கு இடம் கிடைக்காமல் பெட்டியில் கிடந்த 6 பாடல்களும் அதில் சேர்ந்தன. பில்போர்டு 200-ல் முதலிடம். மறுபதிவு ஆல்பம் ஒன்று அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. கண்ட்ரி பட்டியலில், ஒரே பாட்டின் பழைய பதிவையும் புதிய பதிவையும் முதலிடத்துக்குக் கொண்டுபோன சாதனை அதுவரை டாலி பார்ட்டனிடம் மட்டும்தான் இருந்தது. 'லவ் ஸ்டோரி' மூலம் ஸ்விஃப்டும் அதில் சேர்ந்தார்.

இங்கேதான் அந்தச் சின்ன எழுத்துக் கையெழுத்து வேலை செய்கிறது. ஒரு பாட்டைத் திரும்பப் பாடுவது பெரிய விஷயம் இல்லை, உரிய கட்டணம் கட்டினால் அமெரிக்காவில் யாரும் பாடலாம். ஆனால் சினிமாவிலோ விளம்பரத்திலோ பழைய பதிவைப் போட வேண்டும் என்றால் மாஸ்டர் வைத்திருப்பவர் சம்மதம் மட்டும் போதாது, பாட்டை எழுதியவர் தரப்பும் சம்மதிக்க வேண்டும். அவர் பழையதற்கு முடியாது, புதியதற்குச் சரி என்று சொல்லலாம். 30 கோடி டாலர் கொடுத்து வாங்கியவர் கையில் இருக்கும் பெட்டிக்குப் பாதிச் சாவி அவரிடமே இருந்தது. அடுத்தவர் எழுதிக் கொடுத்த பாட்டைப் பாடியிருந்தால் அந்தச் சாவி இருந்திருக்காது.

2025 மே 30-ல் ஷாம்ராக்கிடமிருந்து 6 ஆல்பங்களின் மாஸ்டரையும் வாங்கிவிட்டதாக அவரே அறிவித்தார். இப்போது 2008-ன் 'ஃபியர்லெஸ்' அவருடையது, 2021-ன் 'ஃபியர்லெஸ்' அவருடையது. அப்படியானால் மறுபதிவு வீண் வேலையா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. அந்த மறுபதிவுகள் கொடுத்த பணமும் பலமும் இல்லாமல், விற்கிறவர் முன்னால் சமமாக உட்கார்ந்து பேரம் பேசியிருக்க முடியுமா?

வெற்றிக்குப் பின்னால் வந்த கதவு

இதோடு முடிந்தால் சுபம் போட்டுவிடலாம். முடியவில்லை. இந்த வெற்றியைப் பார்த்த பெரிய நிறுவனங்கள் புதிய ஒப்பந்தங்களில் மறுபதிவுத் தடையை 10 வருடம், 15 வருடம், அதற்கும் மேல் என்று நீட்டப் பார்ப்பதாக 2023-ல் செய்திகள் வந்தன. அவர் தப்பித்த ஜன்னலுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு இரும்புக் கம்பி அடிக்கிறார்கள்.

இவர் ஜெயித்ததற்கு ரசிகர் படை ஒரு முக்கியக் காரணம். பழையது இருக்கும்போதே அதே பாட்டைத் திரும்பக் காசு கொடுத்து வாங்க லட்சக்கணக்கான பேர் எத்தனை பாடகர்களுக்குக் கிடைப்பார்கள்? கிதாருடன் நாஷ்வில்லுக்குப் பஸ் ஏறுகிற இன்னொரு 15 வயதுப் பெண்ணுக்கு அந்தப் படை கிடையாது. அவளுக்கு இருக்கப்போவது ஒரு பேனாவும் முன்னால் நீட்டப்படும் ஒரு காகிதமும்தான். 'ஃபியர்லெஸ்' அவளுக்குச் சொல்கிற பாடம் 11 வாரம் முதலிடம் என்பது இல்லை. பாட்டை நீயே எழுது, எழுதிய உரிமையில் பாதி கேட்டால் டாலி பார்ட்டன் மாதிரி முடியாது என்று சொல், மாஸ்டரைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எத்தனை வருடத்தில் திரும்பும் என்று எழுதி வாங்கு.

அந்த மூன்றாவது வரியை எழுதித் தர நிறுவனங்கள் தாமாக முன்வராது. அதைச் சட்டம்தான் எழுத வேண்டும். அதுவரை, காகிதத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவள்தான் உண்மையில் அச்சமில்லாதவள்.